அம்மா போட்ட வரி

இந்த வருடப் பட்ஜெட்டில் இனிப்புக் குளிர்பானங்களுக்கு வரியை ஏற்றிவிட்டார்கள். அன்று சாயங்காலம் தொலைக்காட்சியில் நான்கு பேர் உட்கார்ந்து, மனிதன் எதைக் குடிக்க வேண்டும் என்று சொல்ல அரசாங்கம் யார் என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார்கள். நானும் அவர்கள் கட்சிதான். மருந்துக்கடையில் பகல் முழுவதும் நின்றுகொண்டே வேலை பார்க்கிறவள் நான். மூன்று மணிக்குக் கண் சொருகும்போது ஜில்லென்று ஒரு பாட்டில் உள்ளே போனால்தான் மிச்சப் பொழுது ஓடும். போன மாதம் எடுத்த ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை எல்லையைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது என்று வந்திருந்தது. அதை அம்மாவிடம் உளறி வைத்தது என் தப்பு.

"நான் சம்பாதிக்கிறேன், நான் குடிக்கிறேன். இவங்களுக்கு என்ன வந்துச்சு?" என்றேன்.

அம்மா தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தாள். "இதுல ஒருத்தர்கூட சிகரெட் பிடிக்கிறவரோட குடித்தனம் பண்ணதில்ல போல இருக்கு. எவ்வளவு ஏத்தியிருக்காங்க?"

சொன்னேன்.

"போதாது," என்றாள்.

அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது. இந்த விஷயத்தில் அவளுக்கு வாய் உண்டு, ஏனென்றால் ஒரு காலத்தில் அவளே வரி போட்டிருக்கிறாள். வசூலும் செய்திருக்கிறாள்.

அப்பா அரசு அச்சகத்தில் பிழை திருத்துபவர். ஒருவர் மூலத்தை உரக்கப் படிப்பார், அப்பா அச்சான தாளில் கண்ணை ஓட்டுவார். படிக்கிறவர் காற்புள்ளி, முற்றுப்புள்ளி எல்லாவற்றையும் சேர்த்தே படிக்க வேண்டும். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. மின்சாரக் கட்டண ரசீதைக்கூட அப்பா புள்ளிகளோடுதான் படிப்பார். கல்யாணப் பத்திரிகை வந்தால் முதலில் பிழை, அப்புறம்தான் மாப்பிள்ளை யார் என்பது. ஒரு தடவை காய்ச்சலோடு நான் எழுதிய பள்ளி விடுப்புக் கடிதத்தில் சிவப்புப் பென்சிலால் ஏழு வட்டம் போட்டுத் திருப்பித் தந்தார். நடுங்கிக்கொண்டே திரும்ப எழுதினேன். கையெழுத்து அதற்கப்புறம்தான் கிடைத்தது. முப்பத்தொரு வருட வேலையில் ஓர் எண்கூடத் தன் கண்ணைத் தாண்டித் தப்பாகப் போனதில்லை என்பது அவருடைய பெருமை. எங்களுக்கு அது பெரிய ரோதனை.

அவருக்கு ஒரு நாளைக்குப் பத்து சிகரெட். அதை வைத்துக்கொள்ள ஒரு தட்டையான தகர டப்பா உண்டு. கல்யாணமான புதிதில், தன் முதல் மாதச் சம்பளத்தில் அம்மா வாங்கிக் கொடுத்தது. "என் தலையில நானே மண்ணை அள்ளிப் போட்டுக்கிட்டேன்," என்று பின்னால் அதை நினைத்து நினைத்துச் சொல்வாள். காலையில் அந்த டப்பாவில் பத்து அடுக்கி அவர் சட்டைப் பையில் வைக்கிறதும் அவள்தான். முதல் வருடம் ஆசையாகச் செய்தது, அப்புறம் வேலையாகிப் போனது.

அம்மா ஒரு பெரிய மருத்துவமனையில் தொலைபேசி இணைத்துக் கொடுக்கிறவளாக இருந்தாள். நாள் முழுக்கக் காதில் கருவியை மாட்டிக்கொண்டு, "யார் வேணும்? இருங்க, இணைக்கிறேன்," என்று சொல்கிற வேலை. அவளிடம் பேசிய எல்லாரும் இன்னொருவரிடம் பேச வேண்டியவர்கள். வீட்டுக்கு வந்தால் அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்து புகை விட்டுக்கொண்டிருப்பார். பகலெல்லாம் ஒருவர் உரக்கப் படிக்கக் கேட்ட காதுக்கு அதற்குமேல் எதுவும் ஏறாது. "காபி?" "ம்." "கரண்ட் பில்?" "கட்டிட்டேன்." இதுதான் அவர்கள் பேச்சுவார்த்தை. சண்டை போடுகிற வீடுகளைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருக்கும்.

பட்ஜெட் வரும் மாதத்தில் அச்சகத்தின் கதவைப் பூட்டிவிடுவார்கள். எந்தப் பொருளுக்கு எவ்வளவு வரி என்று முன்கூட்டி வெளியே கசிந்துவிடக் கூடாது என்பதற்காக, அதை அச்சடிக்கிற ஆட்கள் பத்து நாள் உள்ளேயே சாப்பிட்டு, உள்ளேயே தூங்க வேண்டும். தொலைபேசி கிடையாது, கடிதம் கிடையாது. மந்திரி உரையைப் படித்து முடித்த பிறகுதான் கதவு திறக்கும். ஊருக்கெல்லாம் அன்றைக்குத் தெரிகிற விலை எங்கள் அப்பாவுக்கு மூன்று நாள் முன்னாலேயே தெரியும். தெரிந்து என்ன பயன், யாரிடமும் சொல்ல முடியாதே.

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது அப்பாவின் இருமல் கெட்டியானது. எங்கள் வீடு இரண்டாவது மாடி. முதல் மாடித் திருப்பத்தில் நின்று, சுவரில் ஒட்டியிருக்கும் தண்ணீர்க் குழாய் அறிவிப்பைப் படிக்கிற மாதிரி பாவனை பண்ணுவார். அந்த அறிவிப்பு எனக்கே மனப்பாடம். நெஞ்சுப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த டாக்டர், "இப்படியே போனா அஞ்சாறு வருஷம்தான்," என்று நேராகவே சொல்லிவிட்டார். அம்மா கெஞ்சினாள், கத்தினாள், இரண்டு நாள் பேசாமல் இருந்து பார்த்தாள். பேசாமல் இருந்ததை அப்பா கவனித்த மாதிரியே தெரியவில்லை.

அந்த வருடம் பட்ஜெட்டில் சிகரெட்டுக்கு வரி ஏறியது. அச்சகத்திலிருந்து வந்த அப்பா பையைக் கீழே வைக்காமலேயே சொன்னார்:

"வரி ஏறும்போதெல்லாம் தினம் ஒண்ணு குறைச்சுக்கறேன். நாளைக்கு டப்பாவுல ஒன்பது வை."

நான் குதித்தேன். அம்மாவின் முகம் சிவந்துவிட்டது. "பதினோரு வருஷமா தொண்டைத் தண்ணி வத்தக் கத்தறேன். முகம் தெரியாத ஒரு மந்திரி சொன்னா கேட்டுப்பீங்களா?"

அப்பா யோசித்துத்தான் பதில் சொன்னார். "நீ சொல்றது எனக்கு மட்டும் சொல்றது. குத்தம் பண்ணவனை நிறுத்தி வச்சுக் கேக்கற மாதிரி இருக்கு. வரின்னா ஊருக்கே சொல்றது. ஊரோட ஊரா நானும் கேட்டுட்டுப் போயிடலாம்."

அம்மா சமையலறைக்குள் போய்விட்டாள். காய் நறுக்குகிற சத்தம் கேட்டது, நின்றது, கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பக் கேட்டது. அவள் கேட்டது கிடைத்துவிட்டது, ஆனால் அவள் கேட்டதற்காகக் கிடைக்கவில்லை. ஒன்பது வயதில் எனக்கு அது புரியவில்லை. அன்று அம்மா மேல்தான் கோபம் வந்தது.

அதற்கப்புறம் ஒவ்வொரு பட்ஜெட் நாளும் அம்மா விடுப்பு எடுத்துவிடுவாள். எனக்கும் வயிற்று வலி வந்துவிடும். வானொலிப் பெட்டிக்கு முன்னால் மடியில், பத்து நாளுக்குப் போதாது என்று அப்பா வீட்டிலேயே விட்டுப்போன தகர டப்பாவோடு உட்காருவாள். சாலை, பாலம், உரம் என்று மந்திரி இழுத்துக்கொண்டே போவார். "இந்த மனுஷன் சீக்கிரம் விஷயத்துக்கு வர மாட்டானா," என்று பல்லைக் கடிப்பாள். சிகரெட்டுக்கு வரி கூடுகிறது என்ற வாக்கியம் வந்ததும் டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்து இரண்டாக ஒடிப்பாள். கீழே மூலைக்கடைக்காரர் விலையேற்றத்தைச் சொல்லித் தலையில் அடித்துக்கொள்கிற அன்று அம்மா சிரித்த முகமாகக் கடைக்குப் போய்ச் சோப்பு வாங்கி வருவாள். ஊரிலேயே வரி ஏறினால் சந்தோஷப்பட்ட ஒரே குடும்பம் நாங்களாகத்தான் இருந்திருப்போம். ஒன்பது எட்டானது, எட்டு ஏழானது. எனக்குப் பதினான்கு வயதானபோது டப்பாவில் நான்குதான் இருந்தன.

பதினைந்தாவது வயதில், மந்திரி வரியைக் குறைத்துவிட்டார். வரி ஏற ஏறத் திருட்டு சிகரெட் நாட்டுக்குள் கொட்டுகிறதாம், அதனால் குறைக்கிறார்களாம். அம்மா வானொலியை அணைத்தாள். டப்பா மடியிலேயே இருந்தது.

"இறங்கினா என்னன்னு அப்பா ஒண்ணும் சொல்லலையேம்மா," என்றேன்.

"சொல்லலைன்னாலும் கணக்கு ஒண்ணுதான். உங்கப்பாவை எனக்குத் தெரியாதா? அவர் வாயால கேக்கறதை நான் கேக்க வேணாம்." உள்ளே போய் ஒரு சிகரெட்டை எடுத்து வந்து, ஐந்தாவதாக அவளே அடுக்கி, டப்பாவை மேஜைமேல் டக்கென்று வைத்தாள்.

சாயங்காலம் அப்பா வந்தார். மாடிப்படியில் வழக்கத்தைவிட அதிக நேரம் நின்றிருந்தார் போலிருக்கிறது, இருமல் மட்டும் முதலில் வந்து சேர்ந்தது. டப்பாவைத் திறந்தார். எண்ணிப் பார்க்க அவருக்கு விரல் வேண்டியதில்லை.

"மூணு நாள் முன்னாடியே பார்த்தேன்," என்றார். "தப்பா அடிச்சிருப்பாங்களோன்னு ரெண்டு தடவை மூலத்தோட ஒத்துப் பார்த்தேன். சரியாத்தான் இருந்துச்சு."

ஐந்தாவது சிகரெட்டை எடுத்து அம்மா கையில் வைத்தார்.

"அவங்க குறைச்சுட்டாங்க. நீ போடு."

"என்னத்தை?"

"வரியை."

அம்மா அவரைப் பார்த்த பார்வை இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. இத்தனை வருடமாக வாசலில் நின்ற ஆளை உள்ளே வா என்று கூப்பிட்ட மாதிரி இருந்தது.

என்ன வரி போடுவது என்று அம்மா இரண்டு நாள் யோசித்தாள். காசாகப் போட்டால் ஒரே வீட்டுப் பணம் இந்தப் பையிலிருந்து அந்தப் பைக்குப் போகும், அதில் அர்த்தமில்லை. மூன்றாம் நாள் அறிவித்தாள்: "ஒரு சிகரெட்டுக்கு ஒரு சுத்து. சாயங்காலம் ஆறு மணிக்கு என்னோட நடக்கணும். மொத்தமா கட்டிடணும், நாளைக்குன்னு தள்ளக் கூடாது." அவர்கள் குறைத்ததைவிட இது அதிகம் என்று அப்பாவே ஒப்புக்கொண்டார். ஆகவே, கூட்டிக் கழித்துப் பார்த்தால் வரி ஏறியதாகத்தான் கணக்கு, ஒன்று குறைய வேண்டியதுதான். டப்பாவில் மூன்று ஆயின.

சுற்று என்பது எங்கள் கட்டடத்தின் படியிலிருந்து தொடங்கி, சலவைக்கடை, தபால்பெட்டி, பள்ளிக்கூடத்து நீள மதில், அதன் பின்னால் ஒரு மேடு, திரும்ப எங்கள் படி. நிதானமாக நடந்தால் பன்னிரண்டு நிமிடம். முதல் நாள் அப்பா மூன்றாவது சுற்றின் மேட்டில் மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். தபால்பெட்டியிலும் நிற்பார். அதில் கடிதம் எடுக்கிற நேரங்களை எழுதியிருக்கும், அதில் ஒரு புள்ளி இடம் மாறியிருக்கிறது என்று தினமும் சொல்வார். மூச்சு வாங்கத்தான் நிற்கிறார் என்று அம்மாவுக்குத் தெரியும். "அப்படியா, எங்க காட்டுங்க," என்று தினமும் புதிதாகக் கேட்பாள்.

நான் பால்கனியிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பேன். அம்மா கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டே வருவாள். மருத்துவமனைக்குத் தொலைபேசியில் கூப்பிட்டுக் குழந்தைக்கு என்ன பேர் வைக்கலாம் என்று கேட்ட ஆள், பல் டாக்டருக்குப் பதிலாகப் பிணவறைக்கு இணைத்துவிட்டுத் தான் பட்ட பாடு, எல்லாம் பதினைந்து வருடமாக அவளுக்குள்ளேயே கிடந்தவை. ஒருநாள் கீழே யாரோ விழுந்து விழுந்து சிரிக்கிற சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். அப்பா. எனக்கு அந்தச் சிரிப்பு அடையாளமே தெரியவில்லை.

வரி நன்றாகத்தான் வேலை செய்தது. ஆனால் வேறொன்றும் நடந்தது. டப்பாவை முன்பெல்லாம் உதட்டைக் கடித்துக்கொண்டு நிரப்பிய அம்மா இப்போது முணுமுணுவென்று ஏதோ பாடிக்கொண்டே நிரப்பினாள். விட்டுவிடுங்கள் என்கிற பேச்சையே விட்டுவிட்டாள். எனக்கு அப்போதே வாய் நீளம்.

"இப்பல்லாம் நீ அப்பாவை நிறுத்தச் சொல்றதே இல்லையே," என்றேன்.

"அதான் வரி கட்டறாரே," என்றாள்.

அடுத்த பட்ஜெட்டில் வரி திரும்ப ஏறியது. அம்மா டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு ஒன்றை எடுத்தாள். ஒடிக்கவில்லை. "ஒரு சுத்து குறையும்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அந்த வருட மழைக்காலத்தில் அப்பா காய்ச்சலில் விழுந்தார். நெஞ்சில் சளி கட்டி, ஐந்து நாள் எழுந்திருக்கவில்லை. டப்பாவைத் தொடவில்லை. ஆறாம் நாள் காய்ச்சல் விட்டு, முகம் கழுவி, ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்து பத்திரிகையில் பிழை தேடிக்கொண்டிருந்தார். அன்றும் டப்பாவைக் கேட்கவில்லை. ஐந்தே முக்காலுக்கு அம்மா வேலையிலிருந்து வந்து, தலை வாரி, வெளியே போகிற செருப்பைக்கூட மாட்டிக்கொண்டு அவர் எதிரில் வந்து நின்றாள். நான் மேஜையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன்.

அவள் ஒரு கையில் டப்பா இருந்தது, இன்னொரு கையில் தீப்பெட்டி.

"இன்னிக்கு ஒண்ணாவது பிடிக்கலையா?" என்று கேட்டாள்.

கேட்ட பிறகுதான் அவள் காதில் அது விழுந்தது. நீட்டிய கை அப்படியே நின்றது. ஐந்தாறு வருடம்தான் என்று டாக்டர் சொன்ன நெஞ்சு, ஆறு நாளாகப் புகை படாமல் இருக்கிற நெஞ்சு, அதற்கு அவளே தீப்பெட்டியை நீட்டிக்கொண்டிருந்தாள். டப்பாவுக்குள் இரண்டு சிகரெட்டும் அப்படியே இருந்தன.

அப்பா பத்திரிகையை மடித்தார். "வசூல் குறைஞ்சு போச்சோ?" என்றார்.

அம்மா அழுதுவிட்டாள். அவள் அழுது நான் பார்த்ததே இல்லை, எப்போதும் சமையலறைக்குள் போய்விடுவாள். "வரியெல்லாம் ரத்து," என்றாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே. "எனக்கு வேணாம் இந்த வரி. நான் பாவி."

"ரத்து பண்ணா வரி இறங்கின கணக்காச்சே. மூணு ஆயிடும், பரவாயில்லையா?" என்று அப்பா கேட்டார். அந்த நேரத்திலும் அவருக்குக் கணக்கு. அப்புறம் மெதுவாக எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு செருப்பைத் தேடினார். "சரி, வா."

"எங்க? நீங்கதான் ஒண்ணும் பிடிக்கலையே."

"வரி கட்டறவன்தான் நடக்கணும்னு எங்க எழுதியிருக்கு?"

அன்று தபால்பெட்டி வரைதான் போனார்கள். அதற்குமேல் அப்பாவால் முடியவில்லை. திரும்பி வர அரை மணி ஆனது. அந்த அரை மணியில் நான் ஒரு வரி வீட்டுப்பாடம் எழுதவில்லை, பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டே நின்றேன்.

அரசாங்கங்களும் அம்மா மாதிரிதான் என்று நினைக்கிறேன். நல்லதுக்கென்று வரி போடும், அப்புறம் வசூல் ருசித்துவிடும், ஒரு கையால் தடுத்து இன்னொரு கையால் தீப்பெட்டியை நீட்டும். அம்மாவுக்கு ஒரு சாயங்காலம் கை நின்றது. அவர்களுக்கு அப்படி ஒரு சாயங்காலம் வந்ததா என்று தெரியவில்லை.

அப்பா அதற்கப்புறமும் ஒன்றிரண்டு பிடித்தார், இல்லையென்று சொன்னால் பொய். ஆனால் அடுத்த பட்ஜெட்டுக்குள் டப்பா காலி. அதில் தேய்ந்துபோன சிவப்புப் பென்சில் துண்டுகளைப் போட்டு வைத்துக்கொண்டார். நடையை மட்டும் விடவில்லை. டாக்டர் கொடுத்த ஐந்தாறு வருடம் எப்போதோ தாண்டி, பதினைந்து வருடம் அவர்கள் அந்த மதிலைச் சுற்றினார்கள். ஆனாலும் பழைய புகை தன் பங்கை எடுக்காமல் விடவில்லை. மூன்று சுற்று இரண்டாகி, ஒன்றாகி, கடைசியில் தபால்பெட்டிக்கு வந்து நின்றது. அறுபத்தொரு வயதில் போய்விட்டார். அந்த மந்திரிகள் கொஞ்சம் வேகமாக ஏற்றியிருந்தால் இன்னும் பத்து வருடம் இருந்திருப்பார் என்று எனக்கு அவர்கள் மேல் இன்னும் ஆத்திரம் உண்டு. அம்மா அதற்கப்புறம் அந்தப் பக்கமே நடக்கவில்லை. காய்கறிக்குக்கூடச் சுற்றிக்கொண்டு வேறு தெரு வழியாகப் போவாள்.

இருபது வருடம் அப்படித்தான் போனது. இந்தப் பட்ஜெட் அன்று சாயங்காலம், தொலைக்காட்சியை அணைத்துவிட்டு அம்மா என் பக்கம் திரும்பினாள்.

"இன்னிக்கு எத்தனை பாட்டில் குடிச்ச?"

"ஒண்ணுதாம்மா."

"ஒரு பாட்டிலுக்கு ஒரு சுத்து," என்று செருப்பைத் தேடினாள்.

சிரித்தேன். அவள் முட்டி வலியைச் சொல்லிப் பார்த்தேன், காதில் போட்டுக்கொள்ளவில்லை. அன்று ஒரு சுற்றுக்கு முக்கால் மணி ஆனது. தபால்பெட்டி இன்னும் இருக்கிறது, அதில் எழுத்துத்தான் அழிந்துவிட்டது. அம்மா அங்கே நின்று, புள்ளி இருந்த இடத்தை விரலால் காட்டினாள். மேட்டில் என் தோளைப் பிடித்துக்கொண்டு, பிணவறைக்கு இணைத்த கதையை முழுசாகச் சொன்னாள். அப்பா எந்த இடத்தில் சிரித்தார் என்பதையும் சொன்னாள். மறுநாளும் போனோம். அதற்கு மறுநாளும் போனோம்.

விலை ஏறியதாலா, அம்மாவின் மூச்சு மேட்டில் இரைவதைக் கேட்டதாலா தெரியவில்லை, மூன்றாவது வாரம் மூன்று மணிக்கு என் கை தானாகத் தண்ணீர்ப் பாட்டிலுக்குப் போனது. நான்கு நாள் குளிர்பானத்தைத் தொடவில்லை. ஐந்தாம் நாள் வெறும் வயிற்றில் சோதித்தேன், சர்க்கரை இறங்கியிருந்தது. சாயங்காலம் அந்தச் செய்தியை வாயில் வைத்துக்கொண்டே படியேறினேன். அந்த நான்கு நாளும் அம்மா கேட்டபோது பழக்கத்தில் "ஒண்ணு" என்றே சொல்லியிருந்தது படியில்தான் நினைவுக்கு வந்தது.

கதவு திறந்தே இருந்தது. அம்மா தலை வாரி, செருப்பு மாட்டி, ஊன்றுகோலோடு வாசலிலேயே நின்றிருந்தாள். மணி ஆறாகப் பத்து நிமிடம் இருந்தது.

"இன்னிக்கு எத்தனை?"

வரி கட்டறவன்தான் நடக்கணுமா என்று அப்பா அன்று சொன்ன பதில் எனக்கு ஞாபகம் இருந்தது. ஆனால் அது அப்பாவுடையது, அதை எடுக்க மனம் வரவில்லை. அதோடு, வெறுமனே நடக்கலாம் வா என்று கூப்பிட்டால் அவள் துணைக்கு வருகிறவளாகிவிடுவாள். இப்போது அவள் வசூலிக்க வருகிறவள்.

"ஒண்ணு," என்றேன்.

அப்பா இருந்திருந்தால் அந்த எண்ணைச் சுற்றிச் சிவப்புப் பென்சிலால் வட்டம் போட்டிருப்பார். அம்மா என் முகத்தை ஒரு கணம் பார்த்தாள். பிறகு, "கட்டிட்டு வந்துடலாம், வா," என்று என் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினாள்.